நேர்ந்து விட்ட கோழியும் நாட்டாமை வயிறும்

இந்தக் கதையை எங்கேயாவது தப்பாச் சொல்லித் தொலைச்சிடுவேனோன்னு பயமாவே இருக்கு. மஞ்சக் கயிறு முதல்லயா, நெய்ப் பொங்கல் முதல்லயா? கயிறுதான் முதல்ல. ஆமா, கயிறுதான். நடுவுல மாத்திச் சொன்னா யாரும் அதட்டாதீங்க, அதட்டினா மிச்சமும் மறந்துடும். ஏ, காலை நீட்டாதே, அவனுக்கும் இடம் விடு. ம், கேளுங்க.

ஒரு ஊர்ல, கண்மாய்க் கரையை ஒட்டின ஒரு ஊர்ல, மூக்காயின்னு ஒருத்தி ஒத்தையா இருந்தா. எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. காத்தடிச்சா கூரை போயிடுமோன்னு பயம், காத்தடிக்கலைன்னா மழை வராதோன்னு பயம், மழை வந்தா கண்மாய் உடைஞ்சிடுமோன்னு பயம். அவகிட்ட ஒரே ஒரு சேவக்குஞ்சு இருந்துச்சு. செவலை நிறம். கூடப் பொறந்த குஞ்செல்லாம் அடைமழையில விறைச்சுப் போக, இது மட்டும் அவ மடிச்சூட்டுல கெடந்து பொழைச்சுக்கிச்சு. அதுக்குத் தொரைன்னு பேரு வச்சா. உடம்பு உள்ளங்கை அளவு, நடை மட்டும் ஊரையே விலைக்கு வாங்கப் போற மாதிரி. அவ உக்காந்தா அது மடியில உக்காரும், அவ பேசினா அது கழுத்தைச் சாய்ச்சுக் கேக்கும். அவ பேச்சைக் கேக்க அந்த ஊர்ல வேற யாரு இருந்தா?

அந்த ஊர் நாட்டாமை பேரு வீரணன். வயிறு முன்னால வரும், அவர் பின்னால வருவார். அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தா அடுத்த வீட்டுக் கோழி குழம்பாகும். கோழியைக் குடுத்தவங்க தெருவுல நின்னு வாசனை பிடிச்சுட்டுப் போயிடணும். ஏன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. அவ்வளவு வீரமான ஊரு அது.

ஒருநாள் நாட்டாமை அந்தப் பக்கமா வந்தார், தொரையைப் பார்த்தார், நின்னுட்டார்.

"ஏ மூக்காயி, குஞ்சு தளதளன்னு வருதே. இன்னும் கொஞ்சம் தேறட்டும். என் மச்சினன் வர்றப்ப சொல்லி விடுறேன், குடுத்தனுப்பு."

மூக்காயி குஞ்சை மடியோட இழுத்து மூடிக்கிட்டா. புத்தி யோசிக்கிறதுக்கு முன்னால வாய் சொல்லிடுச்சு: "ஐயா, அது... அது ஆத்தாளுக்கு நேர்ந்து விட்ட கோழிங்க."

நேர்ந்து விட்ட கோழின்னா தெரியும்ல? கால்ல மஞ்சக் கயிறு கட்டி விட்டுடுவாங்க. அதை யாரும் பிடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. கொடை, அதான் ஆத்தா திருவிழா, வர்ற அன்னைக்கு, ஆத்தா முன்னால, நேர்ந்தவங்களே கொண்டுபோய் அறுக்கக் குடுக்கணும்.

"எந்த ஆத்தாளுக்கு?"

"கரைமேல் ஆத்தாளுக்குங்க."

"எப்ப நேர்ந்த?"

"அது... முட்டைக்குள்ள இருக்கும்போதே நேர்ந்துட்டேங்க."

நாட்டாமை பல்லைக் கடிச்சார். "சரி, கயிறைக் கட்டு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஆத்தா கோழி கொடைக்கு முன்னால யார் கையில சாகுதோ, அவங்களுக்கு இந்த ஊர்ல இடமில்ல. வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

பார்த்தீங்களா அவ மாட்டிக்கிட்டதை? கொடை வந்தா கோழி போயிடும். கொடைக்கு முன்னால கோழி போனா அவ போகணும். இருந்தாலும் கொடைக்கு நாள் கெடக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டு மஞ்சக் கயிறைக் கட்டிவிட்டா.

கட்டின மறுநாள்ல இருந்து வந்துச்சு வினை. ஆத்தா கோழிக்கு ஊட்டினா ஆத்தாளுக்கே ஊட்டின மாதிரி, கேட்ட வரம் கிடைக்கும்னு அந்த ஊர்ல ஒரு நினைப்பு. அதுவரைக்கும் மூக்காயி வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காத சனமெல்லாம் கையில உருண்டையோட வந்துச்சு.

முதல்ல அடுத்த வீட்டு அங்கம்மா வந்தா. கம்பஞ்சோத்தை உருட்டித் தொரை வாயில திணிச்சா. "ஆத்தா கோழியே, என் மவனுக்கு ஒரு பொண்ணு அமையணும். வாயில்லாத பொண்ணா அமையணும்."

அப்புறம் பூசாரி வந்தார். கொப்பரைத் தேங்காயைச் சில்லுச் சில்லாத் திணிச்சார். "ஆத்தா கோழியே, இந்தக் கொடையிலயாவது எனக்குக் கிழியாத வேட்டி கிடைக்கணும்."

அப்புறம் நாட்டாமை வந்தார். நெய்ப் பொங்கலைக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கித் திணிச்சார். "ஆத்தா கோழியே, என் பங்காளி கிணறு வத்தணும்."

வந்தாங்க, திணிச்சாங்க, கேட்டாங்க. ஒருத்தராவது ஒரு சிரட்டைத் தண்ணி வச்சாங்களா? வைக்கல. தண்ணிக்கு என்ன வரம் கேக்குறதுன்னு தெரியல போல.

"மதினி, அது குஞ்சு மதினி, தாங்காது மதினி"ன்னு மூக்காயி கெஞ்சினா.

"தடுக்க நீ யாருடி? உன் கோழியா? ஆத்தா கோழி!"ன்னா அங்கம்மா.

ஒருநாள் காலையில தொரை எந்திரிக்கல. இறகைச் சிலுப்பிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மூலையில குறுகி நிக்குது. கழுத்துக்குக் கீழ இரைப்பை பந்து மாதிரி உப்பி, தொட்டா கல்லாட்டம் இருக்கு. வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குது. வாயில புளிச்ச நாத்தம். பின்னால பச்சைத் தண்ணியா ஒழுகுது. மூக்காயி தலையில கை வச்சு உக்காந்துட்டா.

எட்டிப் பார்த்த அங்கம்மா சொன்னா, "வெறும் வயித்துல கெடக்கு, கம்பஞ்சோறு குடு." பூசாரி சொன்னார், "ஆத்தாளுக்குக் கோவம், கொப்பரை குடு." நாட்டாமை சொல்லி அனுப்பினார், "பலமில்ல, பொங்கல் குடு." எதைத் தின்னு சாகக் கெடக்கோ அதையே இன்னும் குடுங்கறாங்க. இதுங்களுக்கெல்லாம் தலைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

மூக்காயி யாரு சொன்னதையும் கேக்கல. கூடையில பழைய சேலையை மடிச்சுப் போட்டு, தொரையை உள்ள வச்சு, கதவைச் சாத்திட்டா. தீனியைச் சுத்தமா நிறுத்தினா. துணித் திரியால விளக்கெண்ணெயைத் தொட்டு வாயோரத்துல ஒரு சொட்டு விட்டா. அப்புறம் வெதுவெதுன்னு வெந்நி, அதுவும் சொட்டுச் சொட்டா, மூச்சுல ஏறிடாம. இரைப்பையைக் கட்டைவிரலால மெதுவா, மெதுவா, மாவு பிசையிற மாதிரி நீவி விட்டா. "இறங்கிடு சாமி, இறங்கிடு சாமி"ன்னு சொல்லிக்கிட்டே நீவினா. தலைகீழாப் பிடிச்சு உலுக்குன்னு ஒருத்தி ஜன்னல்ல நின்னு சொன்னா. "உன்னைத் தலைகீழாப் பிடிச்சா உனக்கு மூச்சு வருமா?"ன்னு கேட்டு மூக்காயி ஜன்னலையும் சாத்திட்டா.

இது ஊருக்குள்ள பரவிடுச்சு. ஆத்தா கோழியைப் பட்டினி போடுறா! ஐயையோ, பட்டினி போடுறா! நாட்டாமை ஊரைக் கூட்டினார். மூக்காயி கூடையோட வந்து நின்னா.

"ஏ மூக்காயி, ஆத்தா கோழிக்குச் சோறு போடலையாமே?"

"ஆமாங்கய்யா. இரைப்பை அடைச்சுக் கெடக்கு. உள்ள இருக்கிறது இறங்காம மேல போட்டா..."

"எனக்கே வைத்தியம் சொல்றியா? கொண்டாங்கப்பா பொங்கலை!"

கிண்ணம் நிறையப் பொங்கல் வந்துச்சு. நாட்டாமை ஒரு உருண்டையைக் கையில எடுத்தார். மூக்காயி தொரையை ரெண்டு கையாலயும் தூக்கி நீட்டினா.

"ஐயா சொன்னா சரிதாங்க. ஐயா கையாலயே ஊட்டிடுங்க. அப்படியே ஐயா கையிலேயே வச்சுக்கங்க. ஆத்தா கோழி யார் கையில சாகுதோ அவங்களுக்கு ஊர்ல இடமில்லைன்னு ஐயாதான சொன்னீங்க. நான் சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேங்க."

தொரை நல்ல நேரம் பார்த்துக் கண்ணைச் சொருகி, வாயைப் பிளந்து, பின்னால ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணியை நாட்டாமை கால் பெருவிரல் மேல விட்டுச்சு. நாட்டாமை கை பாதியில நின்னுடுச்சு.

"பூசாரி, நீ ஊட்டு. நீ ஊட்டுறதுதான முறை."

"எனக்குக் கையில புண்ணுங்க."

"அங்கம்மா, நீ ஊட்டுத்தா. உன் கை ராசியான கை."

"நானா? நான் என்னைக்கு அதுக்கு ஒரு பருக்கை போட்டேன்? அது கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாதே!"

அத்தனை பேரும் கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க. முந்தாநாள் வரைக்கும் முட்டி மோதி ஊட்டின கைங்க.

"சரி சரி, வளர்த்தவளே பார்த்துக்கட்டும்"னார் நாட்டாமை. பொங்கல் வீணாப் போகக்கூடாதுன்னு அதை அவரே தின்னுட்டார்.

அப்புறம்தான் தொரைக்கு நிம்மதி. பட்டினியும் வெந்நியும் எண்ணெயும் நீவலும் வேலை செஞ்சுச்சு. கல்லு களிமண்ணாச்சு, களிமண்ணு கூழாச்சு, கூழு இறங்கிச்சு. ஒருநாள் காலையில கூடைக்குள்ள நல்ல கெட்டி எச்சம், மேல வெள்ளைத் தொப்பியோட கெடந்துச்சு. மூக்காயி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா. சிரிக்காதீங்கடா, நோய் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும் அந்தச் சந்தோசம். அதுக்கப்புறம்தான் கேப்பைக் கூழை நீர்க்கக் கரைச்சு விரல் நுனியால குடுத்தா.

குஞ்சு தேறி, வெடச் சேவலா நிமிர்ந்து, கூவவும் ஆரம்பிச்சது. கூவினதுதான் தாமதம், ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் திரும்பிடுச்சு. "என் கம்பஞ்சோத்துல வந்த பலம்!"னா அங்கம்மா. "என் கொப்பரையில வந்த குரல்!"னார் பூசாரி.

கொடைக்கு, நேர்ந்தவங்க கையில காப்புக் கட்டுற நாள் வந்துச்சு. ஊரே கரைமேல கூடி நிக்குது. நாட்டாமை நெஞ்சை நிமிர்த்தினார். நெஞ்சு எங்க நிமிர்ந்துச்சு, வயிறுதான் நிமிர்ந்துச்சு. "எவன் என்ன சொன்னாலும் அந்தக் கோழியைக் காப்பாத்துனது என் கையால திணிச்ச நெய்ப் பொங்கல்தான்!"

மூக்காயிக்கு அன்னைக்குப் பூரா ஒரே நினைப்பு. கத்திக்கு முன்னால தொரையை நீட்டப் போற கை தன் கையா இருந்துடக்கூடாது. அதனால மெதுவாக் கேட்டா, "ஐயா காப்பாத்துன கோழின்னா, நேர்ச்சையும் ஐயா பேருக்குத்தான சேரணும்? நான் யாருங்க நடுவுல?"

"ஆமாமா, அதான் நியாயம்!"ன்னு கூட்டம் கத்துச்சு. புகழ்ச்சியில மயங்கிப்போய் நாட்டாமை கையை நீட்டிட்டார். பூசாரி காப்பைக் கட்டி இறுக்கி முடிச்சுப் போட்டுட்டுச் சொன்னார், "கொடை முடியிற வரைக்கும் ஐயா கறி தொடக்கூடாது, நெய் தொடக்கூடாது, பொழுதுக்கு ஒரு வேளை உப்பில்லாத கஞ்சி. விரதம் முறிஞ்சா ஆத்தா அந்தக் கோழியை ஏத்துக்க மாட்டா."

நாட்டாமை முகத்தைப் பார்க்கணுமே நீங்க!

எப்படியோ பல்லைக் கடிச்சு ரெண்டு பொழுது ஓட்டினார். அப்புறம் சம்சாரத்தைப் பந்தல் வேலைக்கு அனுப்பிட்டு, நெல்லுக் குதிருக்குப் பின்னால போய் உக்காந்தார். சட்டி நிறையக் கறிச்சோறு, மடி நிறைய எள்ளுருண்டை, ஒரு சீப்பு வாழைப்பழம். யாராவது வந்துடுவாங்களோன்னு மெல்லக்கூடச் செய்யாம அப்படியே முழுங்கினார். தண்ணி எடுக்கப் போனா ஆள் பார்த்துடும்னு தண்ணியும் குடிக்கல.

கொஞ்ச நேரத்துல வயிறு உப்பிச்சு. பந்து மாதிரி உப்பிச்சு, தொட்டா கல்லாட்டம் ஆச்சு. வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினார். யார்கிட்டப் போறது? வைத்தியரைக் கூப்பிட்டா என்ன தின்னீங்கன்னு கேப்பார். சம்சாரத்துகிட்ட எண்ணெய் கேட்டா எதுக்குன்னு கேப்பா. ஊரெல்லாம் கரைமேல இருக்க, நாட்டாமை வேலியோரமாத் தவழ்ந்து வந்து மூக்காயி வாசல்ல விழுந்தார்.

"மூக்காயி... தாயி... அந்தக் கோழிக்கு என்ன செஞ்சியோ அதை எனக்குச் செய்."

அவ பார்த்தா. உப்பின வயித்தைப் பார்த்தா, வாயோரத்துல எள்ளைப் பார்த்தா. எல்லாம் புரிஞ்சு போச்சு. "ஏன் ஐயா, பலமில்லையா? நெய்ப் பொங்கல் கொண்டு வரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! பொங்கல் பேரைச் சொல்லாதே!"

"விரதம் முறிஞ்சு போச்சுன்னு ஊர் முன்னால சொல்லி, தொரை காலுக் கயிறை உங்க கையாலயே அவுத்து விடுங்க. அப்புறம் எண்ணெய் தர்றேன்."

"முதல்ல எண்ணெயைக் குடு, அப்புறம் சத்தியமாச் சொல்றேன்."

"வயிறு இறங்கின பிறகு உங்களுக்கு என்னை எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"ன்னுட்டு, ஒரு கையில எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில தொரை, கரையைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டா. நாட்டாமை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போனார். தீனித் தட்டுக்குப் பின்னால கோழி போகுமே, அதே மாதிரி.

ஊரே திரும்பிப் பார்க்க, நாட்டாமை கரைமேல நின்னு சொன்னார்: "நான் விரதத்துல... ஏவ்... கறி தின்னுட்டேன். நேர்ச்சை முறிஞ்சு போச்சு. இனி இது மூக்காயி கோழி. ஏவ்!" குனிய முடியாமக் குனிஞ்சு கயிறை அவுத்தார். அவுத்த பிறகுதான் மூக்காயி கிண்ணத்தைக் குடுத்தா. "வெந்நி வச்சுத் தர்றேன், வயித்தை நீங்களே நீவிக்கங்க. கோழிக்குக் கை இல்ல, உங்களுக்கு இருக்கு."

அந்த ஊர் சனத்துக்கு அன்னைக்குத்தான் தங்களுக்கும் வாய் இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. ஆத்தா கோழியைச் சாகவிட்டாலே ஊர்ல இடமில்லைன்னவர், ஆத்தா விரதத்தையே முறிச்சா மட்டும் இடமுண்டான்னு பிடிச்சுக்கிட்டாங்க. கொடை முடியிற வரைக்கும் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் பனங்காட்டுல கொண்டுபோய் உக்கார வச்சாங்க. கொடைச் சமையல் வாசனையெல்லாம் காத்துல அங்கதான் போச்சு. அவர் வாசனையைப் பிடிச்சுக்கிட்டு உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சார். திரும்பி வந்தப்ப அவரை யாரும் நாட்டாமைன்னு கூப்பிடல, யாரும் கோழியும் குடுக்கல.

மூக்காயி கொடைக்கு நிக்கல. ஆத்தாளைப் பார்த்து, "உன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன், பொறுத்துக்க"ன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு, தொரையை முந்தானைக்குள்ள மூடிக்கிட்டு ஓட்டமா வீட்டுக்கு வந்தா. அப்பவும் அவளுக்குப் பயம் போகல. பின்னாலயே அங்கம்மா ஒரு உருண்டையோட வர்றா, "செத்துப் பொழைச்ச கோழி, ஒரே ஒரு வாய்"னுக்கிட்டு. அவளுக்குப் பின்னால பூசாரி, கையில கொப்பரை.

மூக்காயி கருவேல முள்ளை வெட்டிக் கொண்டாந்து வாசலுக்கு ஒரு படல் கட்டினா. பருந்துக்குப் பயந்து கட்டல, கீரிக்குப் பயந்து கட்டல. கையில சோத்தோட அன்பா வர்ற மனுசங்களுக்குப் பயந்து கட்டினா. யார் வந்து கூப்பிட்டாலும் படலுக்கு உள்ள இருந்தே சொல்லுவா: "கோழி சாப்பிட்டாச்சு. நீங்க போங்க."

கோழி கூடைக்குள்ள, கதை காதுக்குள்ள, நீங்க போர்வைக்குள்ள.