தலை தீபாவளிக்கு எண்பது லட்சம் புள்ளி

நொச்சிக்குடியில் மழை பெய்தால் எல்லோரும் குடை பிடிப்பார்கள். பூமிநாதன் வீட்டில் மட்டும், குடை நனைந்துவிடும் என்று அதை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் பூமிநாதன், அடுத்தவர் சிங்காரம், கடைசி வைரவன். மூவருக்கும் பொதுவாக ஆண்டவன் ஒரு மூளையைக் கொடுத்திருந்தான். அதை யார் வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

இந்தப் பூமிநாதன், மகள் தேன்மொழியின் கல்யாணத்தில் மண்டபமே கேட்கும்படி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு சினிமான்னா உசுராமே! தலை தீபாவளிக்கு வாங்க மாப்பிள்ளை, வீட்டுலயே தியேட்டர் வெச்சுக் காட்டறேன்!"

சம்பந்தியம்மாள் அதைத் தன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். தீபாவளி நெருங்க நெருங்க, பூமிநாதன் மனைவி அங்கயற்கண்ணி அவரை விரட்ட ஆரம்பித்தாள். "ஏங்க, சொன்ன வாக்கு தவறினா, அந்த வீட்டுல நம்ம பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா? போய் நல்ல புரொஜெக்டரா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். தனியாக அனுப்பப் பயந்து தம்பிகளையும் கூட அனுப்பினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள் என்று சொல்ல வேண்டும்.

கடைக்காரர் பொறுமைசாலி. "நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம்னு அளந்துக்கிட்டு வாங்க. அதை வெச்சுத்தான் எந்த ரெசல்யூஷன் சரிப்படும்னு சொல்ல முடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியிலிருந்து சுவர் வரை கயிறு பிடித்தார்கள். அளவு கிடைத்துவிட்டது. அதைக் கடை வரைக்கும் கொண்டுபோவதுதான் பாடாகிவிட்டது.

"கயிறு தொய்ஞ்சா அளவு குறைஞ்சிடும்டா. விறைப்பாவே தூக்கிட்டுப் போகணும்" என்றார் பூமிநாதன்.

ஆளுக்கு ஒரு முனையை இழுத்துப் பிடித்து அண்ணனும் சிங்காரமும் தெருவில் நடந்தார்கள். முன்னால் வைரவன், "விலகு, விலகு, அளவு வருது!" என்று கத்திக்கொண்டு போனான். கடைவீதி திருப்பத்தில் கயிறு திரும்ப மறுத்தது. அதற்காக வளைக்க முடியுமா? நேரே எதிர் வீட்டு வாசலுக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இலைகளைத் தாண்டி, கொல்லைப்புறமாக வெளியேறினார்கள். அந்த வீட்டுக்காரர் கையில் சாதத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைக்காரர் கயிற்றைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "படம்னா குட்டிக் குட்டிப் புள்ளிதாங்க. ஃபுல் எச்.டி.ன்னா இருபது லட்சம் புள்ளி. ஃபோர்-கேன்னா எண்பது லட்சம். பெரிய படத்தைக் கிட்ட உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்குத்தான் அவ்வளவு வேணும். நீங்க உட்கார்ற தூரத்துக்கு ஃபுல் எச்.டி. தாராளம்."

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசனை செய்தார்கள்.

"தீபாவளிக்கு வீட்டுல பத்துப் பேர். இருபது லட்சத்தைப் பங்கு போட்டா தலைக்கு ரெண்டு லட்சம்" என்றார் சிங்காரம். "ரெண்டு லட்சத்துல மாப்பிள்ளை என்னத்தைப் பார்ப்பார்? கதாநாயகியோட மூக்குத்தியைத்தான் பார்ப்பார்."

"நாமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டா நம்ம பங்கும் அவருக்குப் போயிடும்லண்ணே?" என்றான் வைரவன்.

"பாட்டு வந்தா நீ கண்ணைத் திறந்துடுவேடா. மாப்பிள்ளை பங்கை நீ தின்னுட்டேன்னா சம்பந்தி வீட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் பூமிநாதன்.

கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, பங்கே போட வேண்டாம். எல்லாப் புள்ளியையும் எல்லாரும் பார்க்கலாம்."

பூமிநாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரே லட்டைப் பத்துப் பேரும் முழுசா சாப்பிடலாம்னு சொல்வீங்க போலிருக்கே. எண்பது லட்சத்தையே கட்டுங்க!"

கடைக்காரர் பில் போட்டார். போகும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "சுவர் வெள்ளையா இருக்கணும், அறை இருட்டா இருக்கணும். எல்லாம் சரியா இருக்கான்னு இப்பவே பார்த்துக்குங்க. தீபாவளிக்கு அப்புறம் வந்து குறைன்னு சொல்லாதீங்க."

சொன்னபடியே சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னலை அடைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் அவர்கள் வேறு யாரோவாக இருந்திருப்பார்கள். 'எல்லாம் சரியா இருக்கான்னு' பார்க்க வேண்டுமே! அந்த வீட்டுக்குள் எது வந்தாலும் எண்ணி, எண்ணியதற்கு அடையாளமாகக் கரியால் ஒரு கோடு போடுவது பரம்பரை வழக்கம். தேன்மொழி கல்யாணத்தில் தாம்பூலப் பையில் வந்த தேங்காய்க்கெல்லாம் நெற்றியில் கரிக்கோடு இருந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை.

படம் ஓடினால் புள்ளிகள் இடம் மாறும் என்று, ஒரு யானை வரும் காட்சியில் படத்தை அப்படியே நிறுத்தினார்கள். நிழல் விழக் கூடாதென்று ஓரமாக நின்று, மூங்கில் கழியில் கரியைக் கட்டி, எண்ணிய புள்ளிக்கெல்லாம் கோடு போட ஆரம்பித்தார்கள். ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் எண்ணினார். முதலில் யானையை எண்ணினார்கள். யானை கறுப்புதானே, சுவர் கறுத்தது யாருக்கும் தெரியவில்லை. பிறகு பாகன் கறுத்தான். பிறகு வானம்.

தீபாவளிக்கு முதல் நாள் அங்கயற்கண்ணி முறுக்குத் தட்டோடு உள்ளே வந்தாள். சுவர் அடுப்பில் வைத்த பானை மாதிரி இருந்தது.

"அடப்பாவிகளா! சுவர் பூராக் கரியைப் பூசி வெச்சிருக்கீங்களே! நாளைக்கு மாப்பிள்ளை எதைப் பார்ப்பார், உங்க மூஞ்சியையா?"

"நான் என்ன பண்றது அங்கயற்கண்ணி? எண்ண எண்ணக் குறைஞ்சுக்கிட்டே வந்து, இப்போ ஒரு புள்ளியைக்கூடக் காணோம். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் பூமிநாதன்.

சுண்ணாம்புக் கடை அடைத்தாகிவிட்டது. அங்கயற்கண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மகளின் வாழ்க்கையே கரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை கதிரேசன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியும் வெள்ளைவெளேரென்ற சட்டையுமாகத் தியேட்டர் பார்க்க வந்தார். நிறுத்திய காட்சியை மாற்றாமலே புரொஜெக்டரைப் போட்டார்கள். சுவரில் ஒன்றுமே தெரியவில்லை.

"படம் எங்கே மாமா?" என்று கேட்டபடி மாப்பிள்ளை சுவருக்கு அருகே போய்த் தேடிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பினார். அவர் வயிற்றில் யானை பளிச்சென்று நின்றது.

"அண்ணே!" என்றான் வைரவன். "காணாமப் போன எண்பது லட்சம் புள்ளியும் மாப்பிள்ளை சட்டையில இருக்கு!"

"சத்தம் போடாதேடா. தெரியாம எடுத்திருப்பார்."

"திருப்பிக் கேட்டுடலாமா?" என்றார் சிங்காரம்.

"தலை தீபாவளிக்கு வந்தவர்கிட்டப் போனதைத் திருப்பிக் கேக்குறதா? ஊரே காறித் துப்பும். அவருக்குன்னு வாங்கினதுதானே, அவரே வெச்சுக்கட்டும்."

அங்கயற்கண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை இப்போது கத்துவார், பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவார் என்று காத்திருந்தாள்.

கதிரேசன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். யானையை மெல்லத் தடவிக் கொடுத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"யாருக்கும் பங்கு வெக்காம எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டீங்களா மாமா?"

பிறகு ஒவ்வொரு பொத்தானாக, ஒரு புள்ளியும் உதிர்ந்துவிடாமல் சட்டையைக் கழற்றினார். "தேனு, பையை விரிச்சுப் பிடி. சிந்திடப் போகுது" என்றார். தேன்மொழி ஓடிவந்து பையை விரித்துப் பிடித்தாள்.

அங்கயற்கண்ணி கண்ணைத் திறந்தாள். பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஊருக்குக் கிளம்பும்போது கதிரேசன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார். "எண்பது லட்சமும் இருக்கான்னு வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்துட்டு போன் பண்றேன் மாமா."

"எண்ணினதுக்கெல்லாம் மறக்காம ஒரு கோடு போட்டுக்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, மிச்சமிருந்த கரித்துண்டை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார் பூமிநாதன்.