சொரசொரப்பா, வழவழப்பா

“மாஸ்டர், சொரசொரப்பு நல்லதா, வழவழப்பு நல்லதா?”

மங்கையர்க்கரசி துணிப்பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். ரிவால்வருக்கு மாட்டுகிற மரப்பிடிகள், இரண்டு ஜோடி. ஒரு ஜோடியில் குறுக்கும் நெடுக்குமாக வரி வெட்டியிருந்தது. மற்றது புளியங்கொட்டை மாதிரி வழுக்கியது.

நிஜாம் மாஸ்டர் இரண்டையும் பார்த்தார்.

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு, அக்கா?”

“அதைத்தானே உங்களைக் கேட்கிறேன்.”

அவள் கரூர் பைபாஸில் பெட்ரோல் பங்க் நடத்துகிறவள். ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து மனுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையனை, பட்டப்பகலில், அவளுடைய பங்கிலேயே வைத்து மூன்று பேர் வெட்டினார்கள். பார்த்தவர்கள் பலர். கோர்ட்டில் ஒவ்வொருவராக ஏறி, கண்ணில் படவே இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான்.

அதனால்தான் ரிவால்வருக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். அதுவரை அவள் தீபாவளித் துப்பாக்கிகூடத் தொட்டதில்லை. சுடப் பழக ரைபிள் கிளப்புக்கு வந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த நிஜாம் மாஸ்டர் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

“சொரசொரப்பு கையை விடாது மாஸ்டர். ஆனா தப்பாப் பிடிச்சுட்டா தப்பாவே ஒட்டிக்குது. தோலும் உரியுது.”

“ஆமா.”

“வழவழப்புல கையை நகர்த்தித் திருத்திக்கலாம். ஆனா வேர்த்தா நழுவுது.”

“ஆமா.”

“ரெண்டுக்கும் ஆமான்னா எதை மாட்டுறது?”

மாஸ்டர் டீ சொல்லப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவள் இன்னும் குழம்பி வந்தாள்.

வரிவெட்டுதான் நல்லது என்றான் கொழுந்தன். அது கைப்பையில் சிக்கும், அவசரத்துக்கு வெளியே வராது என்றார் துப்பாக்கிக் கடைக்காரர். உனக்கு இதெல்லாம் எதுக்கு, ஊரோடு ஒத்துப் போய்விடு என்றாள் அம்மா.

“தலை வெடிச்சுரும் போல இருக்கு மாஸ்டர்.”

மாஸ்டர் திருகாணியைக் கழற்றினார். ரிவால்வரின் ஒரு பக்கம் வரிவெட்டை வைத்தார். மறுபக்கம் வழவழப்பை வைத்தார். திருகி முடித்து நீட்டினார்.

“சுடுங்க.”

“விளையாடுறீங்களா?”

“சுடுங்க அக்கா.”

சுட்டாள். ஒரு குண்டு குறிப்பலகையைத் தாண்டி மண்மேட்டில் புதைந்தது. மற்றவை பலகையில் ஒட்டியிருந்த காகிதம் முழுக்கச் சிதறின.

“முன்னைவிடக் குழப்பமாயிருச்சு.”

“நல்லது” என்றார் மாஸ்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. கிளம்பினாள். இனி இந்த ஆளிடம் வரக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வர வேண்டியதாயிற்று.

ஒரு நாள் மத்தியானம் பங்குக்கு ஒருவன் பைக்கில் வந்தான். வேலையாள் சாப்பிடப் போயிருந்ததால் அவளே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான். வழக்கில் முதல் குற்றவாளி. ஜாமீனில் இருந்தான்.

“கோர்ட்டுக்கு எப்பக்கா வர்றீங்க? சொன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அவன் போனதும் அவள் நேராக கிளப்புக்கு வந்தாள். பையை மேசைமேல் போட்டாள்.

“இன்னிக்கு நீங்க சொல்லியே ஆகணும் மாஸ்டர். எந்தப் பிடி?”

“அவன் கேட்டப்ப கையில என்ன இருந்துது?”

“பெட்ரோல் பைப்பு.”

“விட்டுட்டீங்களா?”

“விட்டா பெட்ரோல் கொட்டிருமே. டேங்க் நிறையற வரைக்கும் போட்டேன். அவன் டேங்க் மூடியைக்கூட நான்தான் மாட்டினேன்.”

சொல்லி முடித்ததும் அவமானமாக இருந்தது. பயத்தில் அவனுக்கு ஊழியம் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. மாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. கோர்ட்டுக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. காலையில் ரிவால்வரை கிளப் ஆயுத அறையில் ஒப்படைக்க வந்தாள். பிடிகளையும் மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

“நீங்களே ஒரு முடிவு பண்ணி மாட்டி வைங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்.”

“சரி அக்கா.”

“வெறுங்கையோட போறது என்னவோ போல இருக்கு.”

“போயிட்டு வாங்க.”

கூண்டில் ஏறியதும் முதல் குற்றவாளி அவளையே பார்த்தான். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். அப்புறமும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நீதிபதி பொறுத்திருந்தார்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி முடித்தாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“உச்சி வெயில். கண் கூசும். அந்த ஆள்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?”

“தினம் பெட்ரோல் போட்டுட்டுப் போற ஆளுங்க. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாரு. அந்தப் பையனும் அப்படித்தான் கூப்பிடுவான்.”

அதற்குப் பிறகு நிற்கவில்லை. யார் பிடித்துக்கொண்டார்கள், யார் வெட்டினார்கள், பையன் எந்தப் பக்கம் விழுந்தான், எல்லாம் சொன்னாள். வக்கீல் குறுக்கே குறுக்கே மடக்கினார். ஒரு இடத்தில் தடுமாறினாள். அது சரியாக ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு, ஞாபகம் இருந்ததை மறுபடி சொன்னாள். கை நீட்டி மூன்று பேரையும் காட்டினாள்.

பையனின் அப்பா கடைசி பெஞ்சில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு கிளப்புக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். மாஸ்டர் கேட்காமலே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் கேட்டது, தான் சொன்னது, தண்ணீர் குடித்தது, பையனின் அப்பா வாசலில் கும்பிட்டது, தனக்கு அழுகை வராமல் பசி வந்தது.

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தார். பிடி மாட்டாமல் வெறும் இரும்பாக இருந்தது. பக்கத்தில் இரண்டு ஜோடிகளையும் வைத்தார்.

“நான் முடிவு பண்ணலை அக்கா. எதை மாட்டட்டும்?”

மங்கையர்க்கரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஒரு கணம், அவர் எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.