இடம் மாறிய ஷார்ட்கட்

உமையாள் அம்மையின் மடத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. அம்மைக்குப் பார்வை மங்கிப் பல வருடங்களாகிவிட்டன. திரையில் வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அவரே அதன் முன் உட்காருவார். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டிக் கீழே இறங்கி, பழகிய இடத்தில் என்டரை அழுத்துவார். வீடியோவில் பினாங்கில் இருக்கும் தம்பி சொக்கலிங்கம் வருவார். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

தேனப்பன் அம்மையைவிட வயதில் மூத்த சீடர். வங்கி வேலையில் ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். எதுவும் கலைந்து கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

ஒருநாள் அம்மை பூஜையில் இருந்தபோது அவர் கணினியைத் திறந்தார். மெனு முழுக்க ஷார்ட்கட்டுகள் தாறுமாறாகக் கிடந்தன. ‘எழுத்து’, ‘கணக்கு’, ‘பேச்சு’ என்று ஃபோல்டர்கள் போட்டு எல்லாவற்றையும் பிரித்து வைத்தார். மனம் நிறைந்தது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று, அரிசி வாங்க தேவகோட்டைக்குப் பஸ் ஏறினார்.

மத்தியானம் மடத்துத் தொலைபேசி அடித்தது. தம்பி மகன் பேசினான்.

“அத்தை, அப்பாவுக்கு ரொம்ப முடியலை. உங்க முகத்தைப் பார்க்கணுங்கிறாங்க. கம்ப்யூட்டரைத் திறங்க.”

தேனப்பன் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மை கணினி முன்னால் அமர்ந்திருந்தார். திரையில் கால்குலேட்டர், நாட்காட்டி, கணக்குப் புத்தகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து கிடந்தன. சமையல்காரப் பெண் சிகப்பி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பெட்டியைத் தொட்டே பழக்கமில்லை.

“தேனப்பன், தம்பியைக் காணோம்” என்றார் அம்மை.

தேனப்பன் ஓடிவந்து ‘பேச்சு’ ஃபோல்டரைத் திறந்து சொடுக்கினார். தம்பி மகனின் முகம் வந்தது.

“போயிட்டாங்க அத்தை.”

அம்மை திரையின் வெளிச்சத்தை நோக்கிக் குனிந்தார். பிறகு கேட்டார்.

“கண் திறந்திருந்தானா?”

“கடைசி வரைக்கும் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க.”

கருமாதி முடியும்வரை தேனப்பன் அம்மையின் எதிரே வரவில்லை. முடிந்த மறுநாள் வந்து நின்றார்.

“ஒழுங்குதானேம்மா பண்ணினேன்? அதுல எப்படி இவ்வளவு பெரிய பாவம் வந்துச்சு?”

“பழையபடி வச்சிருங்க” என்றார் அம்மை.

தேனப்பன் உட்கார்ந்தார். ஃபோல்டர்களைக் கலைத்தார். ஷார்ட்கட்டுகள் மறுபடி வெளியே வந்தன. அதற்குமேல் கை ஓடவில்லை.

“எது எங்க இருந்துச்சுன்னு தெரியலை. நான் பார்க்கலையேம்மா.”

அம்மை அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தார். முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது. விரல் விசையைத் தட்டித் தட்டி இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

“இங்க.”

தேனப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இங்கேயே வச்சிடட்டுமா?”

அம்மை விசையிலிருந்து விரலை எடுத்தார்.

“வேண்டாம். அங்க இப்ப யாரும் இல்லை.”