ஆணியில் தொங்கிய கார் சாவி

"சாமி, ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு சொல்லுதாவ. சொல்லிரலாமா?"

கேட்டவர் பிரமநாயகம். உட்காரக்கூட இல்லை.

களக்காட்டு மலையடியில் அந்த மடம். சாமிக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். பிரமநாயகம் பேரன் பேத்தி எடுத்தவர், ஊரில் பாத்திரக்கடைக்காரர். இருந்தாலும் சாமி என்றால் சாமிதான்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் வெறுங்கையோடுதான் வரவேண்டும். போன், பர்ஸ், வண்டிச் சாவி எல்லாம் வாசல் மாடத்தில் இருக்கும். அத்தனை பதற்றத்திலும் பிரமநாயகம் அதை மறக்கவில்லை.

"என்ன வார்த்தை, அண்ணாச்சி?"

"'கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்.' அவ்வளவுதான்."

விஷயம் இது. பிரமநாயகத்தின் காரை ஓட்டிப் போன பக்கத்து வீட்டு சேர்மக்கனி, திரும்பி வரும்போது பாலத்துச் சுவரில் மோதிவிட்டார். கார் அப்பளமாகிவிட்டது. அவர் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி துருவிப் பார்த்ததில், அவர் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது.

"நான் குடுத்து அவன் ஓட்டினான்னா ஒண்ணும் கிடைக்காதாம், சாமி. தெரியாம எடுத்துட்டுப் போனான்னு போலீஸ்ல சொன்னா கிடைக்கும்னு ஏஜென்ட் சொல்லுதாரு."

"அவரு கேட்டாரா?"

"அன்னைக்குக் கேக்கலை. சத்தியமா கேக்கலை. நான் கடையில இருந்தேன். சாவி ஆணியில தொங்குச்சு. அவன் மருமகளுக்குப் பிரசவ வலின்னு எடுத்துட்டு ஓடிட்டான். அப்ப நான் சொல்லுதது பொய் இல்லையே? என் வாழ்நாள் உழைப்பு சாமி, அந்தக் காரு."

சாமி எழுந்து வெளியே போனார்.

தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தார் பிரமநாயகம். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் ஏறி வந்த ஸ்கூட்டர்.

ஓடி வந்து பார்த்தார். காவி வேட்டி பறக்க, சாமி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். சைக்கிள்கூட ஓட்டி அறியாத சாமி!

வளைவுக்கு அந்தப் பக்கம் டமார் என்று கேட்டது.

"ஐயோ, சாமி!"

செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

ஸ்கூட்டர் ஓடைக்குள் குப்புறக் கிடந்தது. சாமி கரையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ரத்தம் வழிந்தது.

பிரமநாயகம் தோளில் கிடந்த துண்டைக் கிழித்தார். குனிந்து முழங்காலில் கட்டப் போனார்.

"அண்ணாச்சி, போலீசுக்குச் சொல்லுங்க."

"எதுக்கு சாமி?"

"கேக்காம எடுத்தேன்லா. லைசென்சும் கிடையாது."

"என்ன பேச்சு பேசுதிய! நீங்க கேக்கணுமா? என் வீட்டுல எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! உங்களைப் போயி நான் களவாணின்னு..."



கிழிந்த துண்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் சேர்மக்கனியை நினைக்கவே பயமாக இருந்தது.

சாமி துண்டைத் தானே முடிந்துகொண்டு, நொண்டியபடி மடத்துக்கு ஏறிப் போனார்.

மறுநாள் ஏஜென்ட், கம்பெனி ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வந்தவர் ஜன்னல் ஓரத்து வெறும் ஆணியைப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்ககிட்ட அவர் கேட்டாரா?"

"கேக்கலை" என்றார் பிரமநாயகம்.

ஏஜென்ட் திருப்தியாகத் தலையாட்டினார்.

"எங்கிட்டக் கேக்கவே வேண்டாம்னு சொல்லி, அவன் கைக்கு எட்டுற மாதிரி அந்த ஆணியை அடிச்சவனே நான்தான்."