அட்டையில் இருந்த பெயர்

மாரிக்கண்ணு பாடிய பத்துப் பாட்டையும் அட்டையில் தன் மகளின் பெயரையும் படத்தையும் போட்டு ஆல்பமாக வெளியிட்டார் ஆடியோ கம்பெனி முதலாளி தணிகாசலம். “உன் முகத்தைப் போட்டா யார் வாங்குவா?” என்று அவளிடமே கேட்டார். மாரிக்கண்ணு புதுப் பாட்டுகளைத் தானே பதிவு செய்து, தன் பெயரிலேயே இணையத்தில் விற்றாள். ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள்.

தணிகாசலம் பாடகர் சங்கத்தில் புகார் செய்தார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஆல்பத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்:

“இதுல பாடினவங்க வெளியில பாட்டு விக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு. இவ எல்லாத்தையும் இன்னைக்கே எடுக்கணும்!”

மாரிக்கண்ணு எழுந்தாள்.

“ஐயா, இதுல பாடினது யாருன்னு உங்க வாயாலயே சொல்லுங்க.”

கூட்டத்துக்கு வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தணிகாசலம் அட்டைப் படத்தைத் தட்டிக் காட்டினார்.

“என்... என் மகதான்!”

“அப்படின்னா ஒப்பந்தம் உங்க மகளுக்குத்தானே? என்னை எதுக்கு இழுக்கிறீங்க?”

“புகார் தள்ளுபடி” என்றார் சங்கத் தலைவர்.

மாரிக்கண்ணு விடவில்லை. முன்வரிசையில் இருந்த தணிகாசலத்தின் மகளிடம் மைக்கை நீட்டினாள்.

“வா தங்கச்சி, அந்தப் பாட்டுல ரெண்டு வரி பாடு. நானும் கேக்கிறேன்.”

அந்தப் பெண் மைக்கை வாங்கினாள். தகப்பனைப் பார்த்தாள்.

“எனக்குப் பாடத் தெரியாது. பத்தும் இந்த அக்கா பாடினது” என்றாள்.