கல்வீட்டுக்குப் போக ஒரு ரோடு

சத்தியமா சொல்றேன் கண்ணு, இதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல. பொய்யின்னா என் பல்லு அத்தனையும் கொட்டிப் போவட்டும்! என்ன சிரிக்கிற? எனக்குப் பல்லே இல்லைன்னா? அது வேற ஒரு கதைக்குக் கொட்டினது. பேசாம படு. போர்வையை இழுத்துக்க. "ம்" கொட்டணும், தெரியுதா? நீ கொட்டலைன்னா கதை நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. திம்மக்கான்னு பேரு. அப்பன் ஆத்தா கிடையாது. நாலு ஆடும் ஒரு குச்சு வீடும்தான் அவ சொத்து. பக்கத்து ஊரு மாதையனுக்கு அவளைப் பேசி வெச்சிருந்தாங்க. அவளுக்கு அவன்னா உசுரு. அவனுக்கும் அப்படித்தான், அம்மா பக்கத்துல இல்லாதப்போ.

"ம்."

அந்த ஊருக்கு மேக்கால ஒரு குன்று. குன்று மேல கல்வீடுங்க. சுத்தி நாலு பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, முன்னாடி கல்லுல வட்டமா ஒரு ஓட்டை. எந்தக் காலத்துலயோ செத்தவங்களுக்குக் கட்டின சமாதின்னு படிச்சவங்க சொல்லுவாங்க. ஊர்ல சொல்றது வேற. உள்ள முழங்கால் உசரத்துக்குக் குள்ளருங்க குடியிருக்காங்க. ஊர்ல ஒரு கல்யாணம்னா பொண்ணு, மாப்பிள்ளை, ஊரு எல்லாரும் செருப்பில்லாம நடந்தே போயி, ஓட்டைக்குள்ள ஒரு பிடி ராகி போட்டு, "அண்டா வேணும் சாமி"ன்னு கேக்கணும். உள்ளேருந்து "ணங்ங்ங்"குன்னு சத்தம் வரும். அப்புறம் பார்த்தா வெளிய வரிசையா செம்பு அண்டா. ஒவ்வொண்ணும் எருமை உக்காந்து குளிக்கற அளவு. அந்தச் சின்ன ஓட்டை வழியா எப்படி வந்துதுன்னு கேக்காத. வந்துது. அதுல ஆக்கின சோறு எத்தனை பேர் வந்தாலும் கொறையாது.

மாதையனோட ஆத்தா சென்னம்மா கண்டிசனாச் சொல்லிட்டா: "அந்த அண்டாவுல ஆக்கினாத்தான் என் மவன் தாலி கட்டுவான். வைகாசி தாண்டிச்சுன்னா, வேற பொண்ணு பாத்துடுவேன்."

அப்போ தை மாசம். திம்மக்கா ஊர்க்கவுண்டர்கிட்ட ஓடினா. "காலையில கிளம்பிடலாமுங்களா?"

"என்ன அவசரம்? ஊரே நடந்து போறதுன்னா சும்மாவா? திட்டம் போடணும் புள்ள."

கோயில் முன்னாடி உக்காந்தாங்க. முன்னால யாரு நடக்கறது? "எங்க பாட்டன்தான் முன்னால நடந்தாரு"ன்னாரு கவுண்டரு. அவரு பங்காளி கெம்பண்ணன் விடுவானா? "உங்க பாட்டனுக்குக் கண்ணே தெரியாது. எங்க பாட்டன்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு." பேச்சு முத்தி வேட்டி கிழிஞ்சுது, டர்ர்ர். கடைசில ரெண்டு பேரும் ஒண்ணா நடக்கறதுன்னு முடிவாச்சு. ஆனா அது ஒத்தையடிப் பாதையாச்சே? சரி, பாதையை அகலம் பண்ணு. தை போச்சு.

அப்புறம் சோறு. "அவன் வீட்டுச் சோத்தை நான் திங்கறதா?" "அவ தொட்ட குடத்துல என் புள்ள குடிக்கறதா?" வீட்டுக்கு வீடு தனிச் சோறு, தனிக் குடம்னு முடிவாச்சு. அத்தனையும் தூக்கறது யாரு? டிராக்டரு. மாசியும் போச்சு.

அப்போ திம்மக்கா கவுண்டரைக் கும்பிட்டுக் கேட்டா. "நானும் அவரும் மட்டும் போயிக் கேட்டுட்டு வந்துடறோமே?"

"ஊரில்லாம நீ போனா ஊருக்கு என்னடி மரியாதை?"

"ம்."

டிராக்டர் போவ நல்ல ரோடு வேணுமில்ல? கான்ட்ராக்டர் வந்தாரு. ரோலர் வந்துது, கடகட கடகடன்னு. குன்றுப் பக்கம் டமார்! டமார்! லாரி லாரியா ஜல்லி இறங்குது. "ஜல்லி எங்கேருந்து வருதுண்ணா?"ன்னு கெம்பண்ணனைக் கேட்டா திம்மக்கா. "உன் கல்யாணத்துக்குத்தான் ஊரே ரோடு போடுது, இதுல கேள்வி வேறயா?"ன்னுட்டான். பங்குனி போச்சு, சித்திரையும் போச்சு.

வைகாசியில கிளம்பினாங்க. தப்பட்டை டண்டணக்க டண்டணக்க. புதுத் தாரு, வெறுங்காலு, சுள்ளுன்னு சுடுது. கவுண்டரு குதிக்கல, கெம்பண்ணன் பார்க்கறானே. கெம்பண்ணன் குதிக்கல, கவுண்டரு பார்க்கறாரே. ரெண்டு பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி நடந்தாங்க.

போய்ப் பார்த்தா குன்றையே காணோம். பெரிய பள்ளம். ஓரத்துல வரிசையா அண்டா கவுந்து கிடக்குது. திம்மக்கா ஒண்ணைத் தட்டினா. ணங்! விளிம்பைத் தூக்கிக்கிட்டு வெள்ளைத் தாடிக் குள்ளன் ஒருத்தன் எட்டிப் பார்த்தான். "என்னம்மா?"

"அண்டா கேட்டு வந்தோம் தாத்தா. உங்க வீடெல்லாம் எங்க?"

"அதும்மேல நடந்துதானே வந்தீங்க."

ஊரே குனிஞ்சு காலைப் பார்த்துது. கொஞ்ச நேரந்தான்.

"இப்ப இதுதான் எங்க கூரை"ன்னு அண்டாவைத் தொட்டுக் காட்டினான் குள்ளன். "எடுத்துக்கங்க. ஆனா ஊருக்குள்ள எங்களுக்கு ஒரு மூலை குடுங்க."

கவுண்டரு தொண்டையைக் கனைச்சாரு. "நீங்க என்ன சாதி?"

குள்ளனுக்குப் புரியல. "அப்படின்னா?"

"அதுகூடத் தெரியாதவங்களை ஊருக்குள்ள எப்படி விடறது?"

திம்மக்கா சொன்னா: "என் வீட்டுல இருக்கட்டும்." உடனே சென்னம்மா, "அப்ப என் மவன் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான்"னா.

"பேசி என்ன ஆவுது, தூக்குங்கடா!"ன்னான் கெம்பண்ணன். அன்னிக்குத்தான் கண்ணு அவனும் கவுண்டரும் ஒத்துமையா அண்டாவோட ஆளுக்கொரு காதைப் பிடிச்சாங்க. ஹூஊம்! அடியில இருந்த குள்ளருங்க கோழிக்குஞ்சு மாதிரி சிதறி ஓடினாங்க. அந்த நேரம் பார்த்து மழை, சோஓஓன்னு.

மாதையன் டிராக்டர்ல ஒரு காலை வெச்சுக்கிட்டு நிக்கறான். "வா திம்மக்கா, கல்யாணம் முடியட்டும். அப்புறம் இவங்களுக்கு ஏதாவது பண்ணலாம்."

"நீ இறங்கு."

"மாதையா!"ன்னா ஆத்தா.

அவன் இன்னொரு காலையும் தூக்கி உள்ள வெச்சான். டுபுடுபுடுபு... போயிட்டாங்க.

அண்டா வந்துடுச்சு, பொண்ணு வரல. அதுக்காகப் பந்தலைப் பிரிக்கவா முடியும்? கெம்பண்ணனுக்கு ஒரு மவ இருந்தா. அதே பந்தல், அதே மாப்பிள்ளை.

என்ன, தூங்கலையா? சோறு கல்லாப் போச்சான்னா கேக்கற? இல்ல, பூவாட்டம் வெந்துது. அண்டா வெடிச்சுதான்னா? கீறல்கூட விழல. ஒருத்தருக்காவது வயித்துவலி? ஒருத்தருக்கும் இல்ல கண்ணு. ஏவ்வ்வுன்னு ஏப்பம் விட்டு, வெத்தலை போட்டுக்கிட்டு, மிச்சச் சோத்தை வீட்டுக்கும் கட்டிக்கிட்டுப் போனாங்க.

திம்மக்கா? அவ மூட்டையில கொண்டாந்திருந்த கல்யாணக் கூறைப்புடவையை எடுத்து விரிச்சு, நாலு குச்சி நட்டு அதுமேல கட்டினா. குள்ளருங்க எல்லாம் அதுக்கு அடியில ஒண்டினாங்க. புடவைதானே, மழையைத் தாங்குமா? சொட்டு சொட்டுன்னு ஒழுவுது. கிழவன் சொன்னான்: "நீ எதுக்கும்மா நனையற? ரோடு போட்டிருக்காங்களே, வீட்டுக்குப் போயேன்."

"உங்க வீட்டை மிதிச்சுக்கிட்டா தாத்தா?"ன்னா.

அவ இன்னும் ஊருக்குத் திரும்பி வரல.

அவ்ளோதான். கதை போய்ப் படுத்துக்கிச்சு, நீயும் கண்ணை மூடு. நாளைக்கு யாராவது கேட்டா காத்துல வந்துதுன்னு சொல்லு, கனவுல கண்டேன்னு சொல்லு. தாத்தா சொன்னாருன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. இந்த ஊர்க் கல்யாணத்துல எல்லாம் அந்த அண்டாவுல ஆக்கித்தான் எனக்கும் ஒரு இலை போடறாங்க.