கிழக்குத் துறையில் சொல்லப்படாத சொல்

ஆம்பல் குளத்துக்கு இரண்டு துறைகள் இருந்தன. கிழக்குத் துறையில் ஊற்று நீர் அடிமணல் தெரியும்படி தெளிந்திருக்கும். மேற்குத் துறையிலோ சேறும் பாசியுமே மிகுதி. கருந்தோல் கொண்ட பன்றிகளும் கரடிகளும் மேற்குத் துறையில்தான் குடிக்க வேண்டும் என்பது அக்காட்டின் வழக்கம். அதை வகுத்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. மான்களுக்குக் கேட்கும் தேவை நேரவில்லை. பன்றிகளுக்குக் கேட்கும் துணிவு வரவில்லை.

அவ்வாண்டுக் கோடையில் காட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கியது. ஒருபுறம் செந்நாய் நின்றது. "பன்றிகளைக் காட்டைவிட்டே துரத்துவேன்!" என்று அது வெளிப்படையாகவே முழங்கியது. மறுபுறம் நெடுங்கொம்பன் என்னும் கடமான் நின்றது. அது இரக்கமுள்ளது, எவரையும் கடிந்து பேசாதது. அதற்காகக் காடெங்கும் பறந்து ஆதரவு திரட்டியது பொன்னலகி என்னும் மைனா.

பொன்னலகிக்குக் காரி என்றொரு தோழி. காரி ஒரு பெண் பன்றி. ஏழு குட்டிகளின் தாய். மைனா நாள்தோறும் காரியின் முதுகில் அமர்ந்து உண்ணி பொறுக்கித் தின்னும். ஒருநாள் காரி மெதுவாகப் பேச்செடுத்தது.

"அக்கா, சேற்று நீரைக் குடித்துக் குடித்து என் வயிறு கெட்டுவிட்டது. பால் வற்றுகிறது. குட்டிகள் மடியை முட்டி முட்டி அழுகின்றன. 'கிழக்குத் துறை எல்லோருக்கும் பொது' என்று உங்கள் வேட்பாளரை ஒரே ஒரு முறை சொல்லச் சொல்லுங்களேன்!"

"இவ்வளவுதானா? இன்றே கேட்கிறேன்!" என்று பறந்தது மைனா.

நெடுங்கொம்பன் பொறுமையாகக் கேட்டது. "உனக்குத் தெரியாததா, பொன்னலகி? துறையைப் பற்றி வாய் திறந்தால் மான் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செந்நாய் வென்றுவிடும். முதலில் வெல்வோம், பிறகு பார்ப்போம்."

மைனா அப்போதே வாதாடியிருக்க வேண்டும். வாதாடவில்லை. "ஐயா சொல்வதும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பியது.

"அவர் மனத்தில் உங்களுக்கு இடமுண்டு, காரி! கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்றது.

"மனத்தில் இடமிருந்து என்ன செய்ய, அக்கா? எனக்குத் துறையில் அல்லவா இடம் வேண்டும்!" என்று சிரித்தது காரி. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நாங்கள் செந்நாய் பக்கம் போகவா போகிறோம் என்ற தைரியமோ அவருக்கு?" என்று கேட்டது.

மைனா குனிந்து உண்ணி பொறுக்கத் தொடங்கியது. அதுதான் உண்மை என்று அதற்குத் தெரியும்.

தேர்தலுக்கு முந்திய நாள் காலை, கிழக்குத் துறைக் கரையில் பெருங்கூட்டம் கூடியது. மைனா மருத மரக் கிளையில் அமர்ந்து, "நெடுங்கொம்பனார் ஆட்சியில் எல்லா உயிரும் ஒன்று! இனி வேற்றுமை என்பதே இல்லை!" என்று முழங்கியது. மான்கள் குளம்புகளைத் தட்டி ஆரவாரம் செய்தன.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த காரியும் அதைக் கேட்டது. தோழி சொன்னால் பொய்யாக இராது என்று நம்பியது. மெல்ல நடந்து, துறையில் இறங்கி, நீரில் வாய் வைத்தது.

"ஏய், சேற்றுப் பிறவி! உனக்கு இங்கே என்ன வேலை?"

இரண்டு ஆண் புள்ளிமான்கள் பாய்ந்து வந்து முட்டின. காரியின் காது கிழிந்தது. தெளிந்த நீரில் இரத்தம் பரவியது.

"அக்கா! நீங்கள்தானே சொன்னீர்கள்!" என்று அது கதறியது.

மைனா தன் வேட்பாளரைப் பார்த்தது. நெடுங்கொம்பனும் எல்லாவற்றையும் கண்டது. கண்டும், காணாததுபோல் அருகிலிருந்த செடியில் தழை கடிக்கத் திரும்பிக்கொண்டது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மைனாவின் அலகும் அடுத்த முழக்கத்துக்காக அப்போது திறந்தே இருந்தது.

'இவள் முதுகில் இத்தனை நாள் இரை தேடினேன். இவளுக்காக ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்க எனக்கு வாயில்லாமல் போயிற்றே!' வெட்கம் அதன் உடலெங்கும் சுட்டது. அது கிளையைவிட்டு இறங்கி, நெடுங்கொம்பனின் முன்னே தரையில் நின்றது.

"ஐயா, இப்போதே சொல்லுங்கள்!"

"கூட்டத்தின் நடுவில் என்ன இது? நீ என் பக்கமா, செந்நாயின் பக்கமா?"

"உங்கள் பக்கம்தான்; அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். செந்நாயிடம் யாராவது நீதி கேட்டுப் போவார்களா? நீங்கள் மறுத்ததை மறைத்து, இனிப்பான பேச்சைக் காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பேச்சை நம்பியவளின் காது கிழிந்து தொங்குகிறது. அவளுக்காக நீங்கள் பேசும்வரை உங்களுக்காக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன்!"

கூட்டம் முணுமுணுத்தது. நெடுங்கொம்பன் நீரில் பரவிய இரத்தத்தைப் பார்த்தது. பின்பு நீரில் இறங்கி, புள்ளிமான்களுக்கும் காரிக்கும் இடையில் போய் நின்றது.

"கிழக்குத் துறை எல்லோருக்கும் பொது" என்றது. குரல் தாழ்ந்திருந்தது.

"பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, ஐயா!" என்றது மைனா.

"கிழக்குத் துறை எல்லோருக்கும் பொது! இதை ஏற்காதவர்கள் எனக்கு ஆதரவு தர வேண்டாம்!"

மான்களில் ஒரு பகுதி விலகிப் போய்விட்டது. எஞ்சியவை ஒன்றையொன்று பார்க்க நாணித் தரையைப் பார்த்து நின்றன. காரி யாருக்கும் நன்றி சொல்லவில்லை. காதிலிருந்து இரத்தம் சொட்டச் சொட்ட, வயிறு நிறையக் குடித்தது.

"காரி, என்னை மன்னித்துவிடு" என்றது மைனா.

"அதற்கெல்லாம் எனக்கு இப்போது நேரமில்லை, அக்கா. வழிவிடுங்கள், குட்டிகளை அழைத்து வர வேண்டும்" என்று சொல்லிவிட்டு, காரி மான் கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நடந்து சென்றது.

நாம் விரும்பும் தலைவரிடமே நீதியை முதலில், உரக்கக் கேட்க வேண்டும்; அவர் வெல்லட்டும் என்று நாம் வாய்மூடி இருந்தால், அதற்கான காயத்தை வேறொருவரே சுமக்கிறார்.